எந்த வருடத்து ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்?

இங்கிலாந்தின் புகழ்பெற்ற நீராவி ரயில் எஞ்சின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன். அதைச் சுருக்கிச் செய்த பொம்மை மாடல் எங்காவது கண்ணில் பட்டால், பெயர்ப் பலகையையும் பளபளக்கும் பச்சையையும் அப்புறம் ரசித்துக்கொள்ளலாம். முதலில் புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் புகைப்பெட்டியைப் பாருங்கள். அதன் தோள்பட்டையில், இடமும் வலமுமாக, துவரம் பருப்பை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு புடைப்பு இருக்கிறதா? இருந்து, அந்த மாடலை ‘1934-இல் மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டிய எஞ்சின்’ என்று சொல்லி விற்றால், அது தப்பு.

1934 நவம்பர் 30 அன்று, லீட்ஸுக்கும் லண்டனுக்கும் இடையே நடந்த சோதனை ஓட்டத்தில் அந்த எஞ்சின் 100 மைல் வேகத்தைத் தொட்டபோது புடைப்பு எதுவும் கிடையாது. அது வந்தது 1947-இல். கொதிகலனில் உண்டான நீராவியை மறுபடி சூடேற்றி, ஈரம் போக்கி சிலிண்டருக்கு அனுப்பும் குழாய்த் தொகுதி ஒன்று உண்டு, சூப்பர்ஹீட்டர் என்பார்கள். 1947 ஜனவரியில் பழைய கொதிகலனைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தியபோது சூப்பர்ஹீட்டரும் பெரிதாகிவிட்டது. அதன் தலைப்பகுதி புகைப்பெட்டிக்குள் அடங்கவில்லை. இரு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதை மூடிய தகட்டு உறைதான் அந்தப் புடைப்பு. கொதிகலனின் அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டிலிருந்து 220 ஆனது. ஏ1 வகையாகப் பிறந்த எஞ்சின் அன்றிலிருந்து ஏ3.

இதெல்லாம் பொடி விஷயம் இல்லையா என்று கேட்கலாம். பொடி விஷயம்தான். ரிவெட்டுகளை உட்கார்ந்து எண்ணுகிறவர்கள் என்று இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களை இங்கிலாந்திலேயே கிண்டல் செய்வதுண்டு. ஆனால் இந்தப் பொடியில்தான் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது: ஒரு மாடல் ‘அச்சு அசல்’ என்று சொன்னால், எந்த அசல்?

நீராவி எஞ்சினை ஒருமுறை செய்து முடித்த பொருளாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பட்டறைக்காரர்கள் அப்படி நினைத்ததே இல்லை. நம்மூர்க் கோயில் கோபுரம் மாதிரிதான். ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் வண்ணம் மாறும், உடைந்த பொம்மைக்குப் பதில் புதுப் பொம்மை ஏறும். ‘கோபுரத்தின் நிறம் என்ன’ என்று கேட்டால் எந்தக் கும்பாபிஷேகத்துக்குப் பிறகு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். எஞ்சினுக்குப் பெரிய பராமரிப்பு வரும்போது கொதிகலனைத் தூக்கித் தனியே வைப்பார்கள். அதைச் சரிசெய்ய நாளாகும் என்பதால், இன்னொரு எஞ்சினிலிருந்து கழற்றிச் சரிசெய்து தயாராக வைத்திருக்கும் கொதிகலனை இதில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டியான டெண்டரும் அப்படியே கைமாறும்.

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் கதையையே எடுத்துக்கொள்வோம். நைஜல் கிரெஸ்லி வடிவமைத்தது. 1923 பிப்ரவரியில் டான்காஸ்டர் பட்டறையிலிருந்து வெளியே வந்தது. அப்போது அதன் எண் 1472, பெயர் கிடையாது. ஆமாம், முதல் ஒரு வருடம் அது பெயரில்லாத எஞ்சின். 1924-இல் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சிக்கு அனுப்ப முடிவானபோதுதான் பெயரும் 4472 என்ற எண்ணும் வந்தன. ஆகவே 1472 என்று எழுதி, சக்கரத்தின் மேல் பெயர்ப் பலகையும் ஒட்டிய மாடல் எந்த நாளிலும் இல்லாத ஒன்று.

1928 மே மாதம் லண்டன்–எடின்பரோ 392 மைலை நடுவில் நிற்காமல் ஓட்டத் தொடங்கினார்கள். எட்டு மணி நேர ஓட்டம். ஓட்டுநரும் கரி அள்ளிப் போடுபவரும் மனிதர்கள்தானே? பாதி வழியில் ஆள் மாற வேண்டும், ஆனால் வண்டி நிற்கக் கூடாது. டெண்டருக்குள்ளேயே பக்கவாட்டில் ஒரு சந்து விட்டார்கள். ஒன்றரை அடி அகலம், ஐந்தடி உயரம். அடுத்த ஜோடி ஆட்கள் பயணிகள் பெட்டியிலிருந்து அதற்குள் குனிந்து நடந்து எஞ்சினுக்கு வந்து சேர்வார்கள். மாடலில் அந்தச் சந்து இருக்கிறதா என்று டெண்டரின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்: பெட்டியோடு இணைகிற கதவும் மடிப்பு உறையும் இருக்கும். 1928-க்கு முந்திய மாடலில் இது இருக்கக் கூடாது. 1930-களின் பின்பாதியில் அந்த டெண்டரும் போய் வேறு டெண்டர் வந்துவிட்டது.

போர்க்காலத்தில், 1943-இல், பச்சை போய்க் கறுப்பு. 1946 ஜனவரியில் புது எண் வரிசைப்படி 502. அதே வருடம் மே மாதத்தில் மறுபடி மாற்றி 103. ரயில்வே அரசுடைமை ஆன பிறகு 60103. 1949-இல் நீல வண்ணம், 1952-இல் கரும்பச்சை. 1954-இல் ஓட்டுநரின் இடம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியது. 1958-இன் கடைசியில் இரட்டைப் புகைபோக்கி வைத்தார்கள். புகை நன்றாக வெளியேறியது, ஆனால் மேலே எழும்பாமல் ஓட்டுநரின் பார்வையை மறைத்தது. அதனால் 1961-இன் கடைசியில் புகைப்பெட்டியின் இரு பக்கமும் யானைக் காது போல வளைந்த தகடுகள் வந்தன. 1963 ஜனவரியில் ஓய்வு.

நாற்பது வருட உழைப்பில், ஐந்து எண்களும் நான்கு வண்ணங்களுமாவது தேறும். இதில் எனக்குப் பிடித்தது 502. நான்கு மாதம்தான் அந்த எண், அதுவும் கறுப்பு வண்ணத்தில். பச்சை 502 மாடல் ஒன்று இருந்தால் அது கற்பனை.

அசல் எஞ்சின் இன்னும் உயிரோடு இருக்கிறதே, போய் அளந்து பார்த்துச் செய்தால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பாதுகாக்கப்பட்ட எஞ்சினுக்கு இரண்டாவது வாழ்க்கை ஒன்று இருக்கிறது. 1963-இல் ஆலன் பெக்லர் என்பவர் 3,000 பவுண்டுக்கு வாங்கி, இரட்டைப் புகைபோக்கியை எடுத்துவிட்டு ஒற்றையை வைத்து, சந்து உள்ள டெண்டர் ஒன்றைத் தேடிச் சேர்த்து, ஆப்பிள் பச்சை பூசி 4472 என்று எழுதினார். பார்ப்பவர்களுக்கு 1930-கள் திரும்பிவந்த மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஏ3 கொதிகலன். புகைப்பெட்டியில் புடைப்பு அப்படியே இருந்தது. பிறகு 1999-இல் பழுதுபார்ப்பு முடிந்து வந்தபோது ஆப்பிள் பச்சையோடு இரட்டைப் புகைபோக்கி. அது ரயில்வேயில் வேலை பார்த்த காலத்தில் இந்தக் கூட்டணி ஒருநாளும் இருந்ததில்லை. 2016-இல் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் கரும்பச்சையில், 60103 என்ற எண்ணோடு, யானைக் காதுகளும் வைத்து ஓட்டியபோதுதான் தோற்றம் ஏறக்குறைய ஒரே காலத்துக்குப் பொருந்தியது. அந்தக் காலமும் எவ்வளவு? 1961 இறுதியிலிருந்து 1963 ஜனவரி வரை, ஒரு வருடமும் சொச்சமும்.

தயாரிப்பாளர்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பிளாஸ்டிக் உடலை வார்க்கும் எஃகு அச்சுக்கு ஆகும் செலவுதான் இந்தத் தொழிலில் பெரிய செலவு. ஒரே அச்சை வைத்து எத்தனை எண்ணும் எத்தனை நிறமும் விற்க முடியுமோ அத்தனையும் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். நிறத்தை மாற்றுவது சுலபம், புடைப்பை எடுப்பது கஷ்டம். ஆகவே தப்பு பெரும்பாலும் தகட்டிலும் குழாயிலும்தான் இருக்கும், பெயிண்டில் குறைவு.

பழைய நாளில் இந்தக் கூச்சமே கிடையாது. 1920-களின் பின்பாதியில் ஹார்ன்பி கம்பெனி விற்ற பெரிய அளவுத் தகர எஞ்சின்களில் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் உண்டு, ராயல் ஸ்காட் உண்டு, கேர்ஃபிலி காசிலும் உண்டு. மூன்று ரயில்வே கம்பெனிகளின் மூன்று பெருமைகள். உண்மையில் முதலாவது 4-6-2 சக்கர அமைப்பு (முன்னே குட்டிச் சக்கரம், நடுவே ஓட்டும் பெரிய சக்கரம், பின்னே குட்டிச் சக்கரம் என்ற எண்ணிக்கை), மற்ற இரண்டும் 4-6-0. பொம்மையில் மூன்றுக்கும் 4-4-2. ஏறக்குறைய ஒரே உடலை மூன்று நிறத்தில் பூசி மூன்று பெயர் எழுதிவிட்டார்கள். பெரிய சக்கரம் பக்கத்துக்கு மூன்றா இரண்டா என்று எந்தப் பையனும் எண்ணவில்லை போலிருக்கிறது. எண்ணியிருந்தாலும் அப்பா வாங்கித் தந்ததே பெரிது.

சரி, தேதித் தப்புகள் ஒரு வகை. இன்னொரு வகை, தெரிந்தே செய்கிற தப்பு. பிரிட்டனில் மிகப் பரவலாக விற்கிற மாடல் ரயில் அளவுக்கு ஓஓ என்று பெயர். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அதாவது 76-இல் ஒரு பங்கு. உண்மையான தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம். கணக்குப் போட்டால் மாடலில் 18.83 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். எஞ்சினை நேர் எதிரே வைத்து, கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள்: அகலமான உடலுக்குக் கீழே சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி, கால்களை ஒட்டி வைத்து நிற்கிற குண்டு மனிதர் மாதிரி இருக்கும். 16.5-ஐ 76-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய நான்கடி ஒன்றரை அங்குலம். கிரெஸ்லியின் எஞ்சின் அந்த அகலத்தில் ஓடியதே இல்லை.

இதற்குக் காரணம் மோட்டார். ஐரோப்பாவில் 87-இல் ஒரு பங்கு என்ற அளவுக்கு 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பிரிட்டனின் பாலங்களும் சுரங்கங்களும் குறுகலானவை. அதனால் எஞ்சின்களும் ஐரோப்பிய எஞ்சின்களை விட ஒடுக்கமானவை. அவற்றை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அன்றைய மின்மோட்டார் உள்ளே நுழையவில்லை. எனவே தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். 1938-இல் ஹார்ன்பி டப்ளோ ரயில்கள் சந்தைக்கு வந்த பிறகு அந்த ஒட்டுவேலையே நிரந்தரமாகிவிட்டது. இன்றைக்கு மோட்டார் சுண்டுவிரல் நகத்துக்கு அடங்குகிறது, தண்டவாளம் மட்டும் அப்படியே இருக்கிறது. மனசு ஒப்பாதவர்கள் 18.2 மில்லிமீட்டருக்கும், இன்னும் பிடிவாதக்காரர்கள் சரியாக 18.83-க்கும் தாங்களே தண்டவாளம் போட்டு, சக்கரங்களை மாற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை குறைவு, பொறுமை அதிகம்.

வளைவும் இப்படித்தான். மேசையின் மேல் அடங்க வேண்டும் என்பதால் மாடல் வளைவின் ஆரம் 438 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்பார்கள். நிஜத்தில் அது 33 மீட்டர். விரைவு ரயில் ஓடும் பாதைகளில் ஆரம் நூற்றுக்கணக்கான மீட்டர்களில் இருக்கும். 33 மீட்டரில் திரும்பச் சொன்னால் நிஜ எஞ்சின் தடம் புரண்டுவிடும். மாடல் திரும்ப வேண்டுமென்றால் முன் சக்கரங்கள் அளவுக்கு மீறி ஆட வேண்டும், எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே இடைவெளி கூட வேண்டும், பின் சக்கரத்தின் விளிம்பையே சில மாடல்களில் எடுத்துவிட வேண்டும். நிஜ விளிம்பைச் சுருக்கினால் அரை மில்லிமீட்டர்கூட வராது. பொம்மைத் தண்டவாளத்தின் குண்டுகுழிக்கு அது தாங்காது. ஆகவே விளிம்பு தடிக்கிறது. தடித்த சக்கரத்துக்கு இடம் விட்டுச் சிலிண்டர் வெளியே தள்ளப்படுகிறது. ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்ல வேண்டும் என்பது இங்கே நிஜமாகவே நடக்கிறது.

இந்தப் பொய்களை நான் மன்னித்துவிடுவேன். ஓடுவதற்காகச் சொன்னவை அவை. செலவே இல்லாமல் சரியாகச் செய்திருக்கக்கூடிய இடத்தில் கோட்டைவிடுவதுதான் உறுத்துகிறது. சக்கரத்தின் வெளிப்பக்கம் முன்னும் பின்னுமாக ஆடும் கம்பிகளைக் கவனியுங்கள். சக்கரத்தின் முளையிலிருந்து கிளம்பும் ஒரு குட்டைக் கை உண்டு. வால்வை இயக்கும் அசைவு அங்கேதான் பிறக்கிறது. இந்த மாதிரி பிஸ்டன் வால்வு எஞ்சின்களில், முளை கீழே வரும்போது அந்தக் கை முன்பக்கம், சிலிண்டரை நோக்கிச் சாய்ந்திருப்பதுதான் வழக்கம். மாடல்களில் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் பின்னோக்கியும் மாட்டியிருப்பதை நிறையப் பார்க்கலாம். நிஜத்தில் அப்படி இருந்தால் ஒரு பக்கச் சிலிண்டர் முன்னே போகச் சொல்லும், இன்னொன்று பின்னே போகச் சொல்லும்.

அடுத்து சத்தம். இப்போது மாடலுக்குள்ளேயே சின்ன ஒலிபெருக்கி வைத்து விற்கிறார்கள். சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சின், சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்கு முறை ‘குப்’ என்று மூச்சுவிடும். கிரெஸ்லியின் இந்த எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர். மூன்றாவது நடுவில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஆறு மூச்சு. பழகிய காது கண்ணை மூடிக்கொண்டே வித்தியாசம் சொல்லிவிடும். நான்கு மூச்சுவிடும் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன், வெளித்தோற்றம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வேறு யாருடைய குரலிலோ பேசுகிறது. மூன்று சிலிண்டர் என்பதால் இடது, வலது முளைகளுக்கு நடுவே 120 டிகிரி இருக்க வேண்டும். இரண்டு சிலிண்டர் எஞ்சினின் 90 டிகிரியிலேயே விட்டுவிடுகிற மாடல்கள்தான் அதிகம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்ற தைரியம்.

நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் ஒரு வகை சிவப்பையே உணராது. கருஞ்சிவப்பு எஞ்சின் படத்தில் கறுப்பாகத் தெரியும், நீலம் வெளுத்துத் தெரியும். புது எஞ்சினைப் படமெடுப்பதற்கென்றே சாம்பல் பூசி நிறுத்துவதும் உண்டு, விவரங்கள் தெளிவாக விழும் என்பதற்காக. அந்தப் படத்தை நம்பிச் சாம்பல் நிற மாடல் செய்தால், அப்படி ஓர் எஞ்சின் பயணிகளை ஏற்றிப் போனதே கிடையாது. சரி, எழுத்து ஆவணத்தை நம்பலாமா? பிரைட்டன் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் வில்லியம் ஸ்ட்ரவுட்லி தன் எஞ்சின்களுக்குப் பூசிய நிறத்துக்கு ‘மேம்பட்ட எஞ்சின் பச்சை’ என்று பெயர் வைத்திருந்தார். அது பச்சையே இல்லை. கடுகுப் பொடி மாதிரி ஒரு மஞ்சள்!

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மாடலை இரண்டடி தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். அந்த அளவில் அது நிஜ எஞ்சினை 46 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரத்தில் எந்த நிறமும் கொஞ்சம் வெளுக்கும். அசல் எஞ்சினுக்குப் பூசிய அதே பெயிண்டை அதே டப்பாவிலிருந்து எடுத்து மாடலுக்குப் பூசினால் அடர்த்தியாக, கனமாகத் தெரிகிறது. அதனால் கை தேர்ந்தவர்கள் ஒரு சொட்டு வெள்ளையோ சாம்பலோ கலக்கிறார்கள். உண்மையான நிறத்தைத் தப்பாக்கினால்தான் உண்மையாகத் தெரிகிறது.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் எஞ்சின் உண்டு: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் எக்ஸ் வகை எஞ்சின். சுவிட்சர்லாந்தின் விண்டர்துர் நகரில் செய்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே இருப்பது சக்கரங்களை ஓட்டும். மேலே இருப்பது தண்டவாளத்துக்கு நடுவே பதித்த பல்பட்டையைக் கவ்வும் பல்சக்கரத்தை ஓட்டும். கல்லாறு வரை பல்பட்டை கிடையாது; அதுவரை மேல் ஜோடி சும்மா இருக்கும். ஆகவே மேட்டுப்பாளையம் ஸ்டேஷனை மாடலாகச் செய்து, அங்கே மேல் சிலிண்டரின் கம்பிகளையும் ஆடவிட்டால் தப்பு. கரியா எண்ணெயா என்ற கேள்வியும் உண்டு. பழையவை கரியில் ஓடியவை. பின்னால் எண்ணெய்க்கு மாற்றினார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை புதிதாகக் கட்டிய சில எஞ்சின்களும் எண்ணெயில்தான் ஓடின. எந்த எண், எந்த வருடம் என்று பார்க்காமல் கரியைக் கொட்டி வைக்க முடியாது. அளவுத் தகராறும் விடவில்லை: மீட்டர் பாதையை 87-இல் ஒரு பங்காக்கினால் 11.5 மில்லிமீட்டர், உலகம் முழுக்கக் கிடைப்பது 12. அரை மில்லிமீட்டர்தானே, போகட்டும்.

ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று பறிபோவதற்கு நல்ல உதாரணம், 2003-இல் ஹார்ன்பி கொண்டுவந்த நிஜ நீராவி மாடல். மல்லார்ட் எஞ்சினின் வடிவம், 76-இல் ஒரு பங்கு. உள்ளே மோட்டார் இல்லை. தண்ணீர் கொதித்து, நீராவி உண்மையான பிஸ்டனைத் தள்ளுகிறது. இதைவிட அசல் என்ன வேண்டும்? ஆனால் தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தால் தண்ணீரைக் காய்ச்சுகிற அந்தக் கொதிகலன் இருப்பது டெண்டரில். நிஜத்தில் கரியும் பச்சைத் தண்ணீரும் இருக்க வேண்டிய இடத்தில்.

மறுபடி அந்தப் புடைப்புக்கே வருகிறேன். புடைப்போடு ஒரு 4472 வாங்கிவிட்டோம். ஆப்பிள் பச்சை, ஒற்றைப் புகைபோக்கி, சந்து உள்ள டெண்டர். 1930-களின் தேக்கு நிறப் பெட்டிகளைப் பின்னால் கோத்து ஓட்டினால் தப்பு. கத்தி எடுத்துச் செதுக்கி, பெயிண்டைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, 1960-களில் பிரிட்டிஷ் ரயில்வே ஓட்டிய அரக்குச் சிவப்புப் பெட்டிகளைக் கோத்துவிடுங்கள். பெக்லர் வாங்கிய பிறகு, 1964-வாக்கில், ரயில் பிரியர்களை ஏற்றிக்கொண்டு உல்லாசப் பயணம் போகும் வண்டி அது. புகைப்பெட்டியின் தோளில் புடைப்பு இருக்கத்தான் வேண்டும்.